சிறுவர் கைவேலையும் தமிழ் வினைச்சொற்களும்

சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலே கைவேலை பழக்குதல் வேண்டும் என்பதை இந்நாளில் மறுப்பார் இலர். பாலர் பாடசாலை ஆசிரியை வேண்டும் என்கின்றார். பிள்ளை வைத்தியர் வேண்டும் என்கின்றார். கடைக்காரரும் வேண்டும் என்கின்றார். இம்மூவருள்ளும் கடைக்காரர் சொல்லே நம் வீடுகளிற் செல்லுபடியாகின்றது. புத்தகக் கடைக்குச் சென்று பாருங்கள். கைவேலைப் பொதி என்று ஒன்று விற்கின்றார்கள். அதனுள்ளே வீட்டின் சுவர் வெட்டியபடி இருக்கும். கூரை மடித்தபடி இருக்கும். பூவின் இதழ் நிறந் தீட்டியபடி இருக்கும். பசையுங்கூடப் பின்புறத்திலே பூசியபடி இருக்கும். வெட்டுதலும் மடித்தலும் தீட்டுதலும் பூசுதலும் எங்கோ ஓர் இயந்திரத்தினால் முடிந்துவிட, நம் பிள்ளைக்கு எஞ்சுவது ஒட்டுதல் என்னும் ஒரு தொழிலேயாம். அதனையும் கோணாமல் ஒட்டவேண்டுமென்று தாயோ தந்தையோ ஒட்டிவிடுகின்றனர்.

பிராசீன பாடசாலை ஒன்றிலே நன்னூலும் அதன் உரையுங் கற்பிக்கும் பண்டிதனுக்குக் கத்தரிக்கோலிலும் பசையிலும் என்ன அலுவல் என்று வாசகர் வினவக்கூடும். அலுவல் உண்டு. பெயர்ச்சொற்களைக் காட்டிக் கற்பிக்கலாம். மரத்தைக் காட்டி மரம் என்றும், மாட்டைக் காட்டி மாடு என்றுஞ் சொன்னாற் பிள்ளை பற்றிக்கொள்ளும்; படத்தைக் காட்டினும் போதும். வினைச்சொல்லோ அவ்வாறு காட்டத் தக்கதன்று. அது கண்முன் நிகழவேண்டும். நிகழும்போதே காதில் விழவேண்டும். கேட்ட பிள்ளை தானுஞ் செய்து பார்க்கவேண்டும். சிறு பிள்ளையின் கைவேலையே தமிழ் வினைச்சொற்களுக்கு அரிச்சுவடி என்பதும், அவ்வேலையைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி நாமே செய்து முடிப்பதனால் மொழியின் பெரும்பங்கை அதற்கு இல்லாமற் செய்கின்றோம் என்பதும் என் கருத்து. அதனையே இங்கு எடுத்துரைக்கின்றேன்.

வினைமுற்றுச் சொல் ஆறு பொருள்களை உணர்த்தும் என்பர் நன்னூலார். தொழிலைச் செய்தவன், அவன் கைக்கொண்ட கருவி, அவன் இருந்த இடம், அவன் புரிந்த தொழில், அது நிகழ்ந்த காலம், அதனால் விளைந்த பொருள் என்பன அவை. இத்தகைய இடங்களை விளக்கப் புகும்போது நம் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்காட்டுஞ் சொல் 'வனைந்தான்' என்பது. செய்தவன் குயவன், கருவி சக்கரமுந் தண்டும், விளைந்த பொருள் குடம். மாணவர் இதனை நெட்டுருப் பண்ணி ஒப்புவிக்கின்றனர். ஒருநாள் வகுப்பிலே, குடம் எழும்போது குயவனுடைய இரு கைகளும் எங்கெங்கே நிற்கும் என்று கேட்டேன். ஒருவரும் விடை சொல்லவில்லை. வனைதலைக் கண்ணாற் கண்டவர் அவ்வகுப்பில் ஒருவர்தாமும் இலர். இலக்கணத்தைப் பிழையின்றிக் கற்றுவிட்டனர். இலக்கணம் எதனைப் பற்றியதோ அதனை அறியார். இது மாணவர் குற்றமன்று. ஐந்து வயதிலே களிமண்ணை உருட்டியிருந்தால் இருபது வயதிலே அச்சொல் அவர்களுக்கு உயிரோடு தோன்றியிருக்கும்.

நம் வளவு ஒன்றினுள் ஒரு நாளில் வழங்கும் வினைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓலையை வாருகின்றோம், ஈர்க்கைச் சீவுகின்றோம், மட்டையைப் பிளக்கின்றோம், தடியைத் தறிக்கின்றோம், பூவைக் கொய்கின்றோம், தளிரைக் கிள்ளுகின்றோம், கீரையை அரிகின்றோம், வெங்காயத்தை நறுக்குகின்றோம், புல்லைச் செதுக்குகின்றோம். இவை யாவும் ஒரு பொருளை இரண்டாக்கும் அல்லது குறைக்குந் தொழில்களே. ஆயினும் கை அசையும் முறையும், கருவியும், பொருளின் தன்மையும் வேறு வேறாதலின் சொல்லும் வேறு வேறாயிற்று. கொய்யுங் கை அரியுங் கையன்று. இன்றைய பிள்ளைக்கோ இவ்வொன்பதும் 'வெட்டுதல்' என்னும் ஒரு சொல்லினுள் அடங்கிவிட்டன.

ஆக்குந் தொழிலைப் பாருங்கள். பாயை இழைக்கின்றோம், கடகத்துக்கு விளிம்பு பொத்துகின்றோம், கிடுகைப் பின்னுகின்றோம், கூரையை வேய்கின்றோம், வேலியை அடைக்கின்றோம், மாலையைத் தொடுக்கின்றோம், மணியைக் கோக்கின்றோம், கயிற்றைத் திரிக்கின்றோம், பட்டத்துக்கு முச்சை கட்டுகின்றோம். இவ்வளவையுஞ் 'செய்தல்' என்னும் ஒரு சொல் விழுங்கிவிட்டது. பாய் செய்தார்கள், மாலை செய்தார்கள், கூரை செய்தார்கள் என்று மாணவர் எழுதுங் கட்டுரைகளை நான் வாரந்தோறும் திருத்துகின்றேன். சிவப்பு மையினால் 'இழைத்தார்கள்' என்று மேலே எழுதுகின்றேன். மாணவன் அதனைப் பார்த்து எழுதிக்கொள்கின்றான். ஆனால் இழைத்தல் இன்னதென்று அவன் விரல் அறியாதாகலின் அடுத்த கட்டுரையிலே மீண்டும் 'செய்தார்கள்' என்றே வருகின்றது.

சொற்கள் அகராதியிலே இருக்கின்றனவே, போயினவல்லவே என்பாரும் உளர். இருக்கின்றன. 1842 இல் மானிப்பாயில் அச்சேறிய அகராதியும் நம்மிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பேரகராதியிலே யாழ்ப்பாண வழக்கு என்று குறியிடப்பட்ட சொற்களும் பல உள. அவற்றைத் தொகுத்த பெரியோரை நாம் வணங்குதல் வேண்டும். ஆனால் அகராதி நெற்களஞ்சியம் போன்றது. களஞ்சியத்து நெல்லை விதைத்தாலன்றி அடுத்த போகம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாலர் பாடசாலையிலே கைவேலைக் கண்காட்சி நடைபெற்றது. நடுவர் மூவருள் ஒருவனாக என்னையும் அழைத்திருந்தனர். மேசைகளின் மீது றெஜிபோமினாற் சமைத்த மாளிகைகள் வரிசையாக நின்றன. ஒன்றினுள் மின்விளக்கும் எரிந்தது. அதனருகே நின்ற சிறுவனிடம், "இதை ஆர் பிள்ளை செய்தது?" என்று கேட்டேன். "அப்பாவும் அம்மாவும்" என்றான். "நீர் என்ன செய்தனீர்?" என்றேன். "நான் பக்கத்தில இருந்தனான்" என்றான். பொய் சொல்லாத பிள்ளை. அவனிடம் மேலே கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவன் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

கடைசி மேசையிலே பனையோலைப் பெட்டி ஒன்று இருந்தது. பெட்டி என்று சொல்லித்தான் அறியவேண்டும். ஒரு மூலை தூக்கியும் ஒரு பக்கம் சரிந்தும் இருந்தது. அதற்குரிய சிறுமிக்கு வயது ஐந்து. இதனை எப்படிச் செய்தீர் என்று கேட்டவுடன் அவள் மூச்சு விடாமற் சொன்னாள்: "அம்மம்மா தொடக்கி விட்டவ. நான் இழைச்சனான். ஒருக்கா அவிண்டு போச்சு. பிறகு தண்ணி தெளிச்சு, இறுக்கிப் பிடிச்சு இழைக்க வந்திட்டுது. மூலை மட்டும் மடிக்கத் தெரியேல்லை."

தொடக்குதல், இழைத்தல், அவிழ்தல், தெளித்தல், இறுக்குதல், பிடித்தல், மடித்தல். கைத்தொழில் பற்றிய வினைகள் மாத்திரம் ஏழு. ஒவ்வொன்றும் இடமறிந்து வந்தது. செயப்படுபொருள் வேண்டும் வினை எது, வேண்டாத வினை எது என்பது அவள் நாவுக்குத் தெரிந்திருந்தது; பெட்டி அவிழ்ந்தது என்றாளேயன்றி அவிழ்த்தது என்றாளில்லை. முதற் பரிசு அவளுக்கே உரியதென்று நான் எழுதிக்கொடுத்தேன். மற்றை நடுவர் இருவரும் மின்விளக்கு எரிந்த மாளிகையைத் தெரிந்தனர். பெரும்பான்மையே முடிபாயிற்று. பரிசு பெற்றவர் யாரென்பது எனக்குப் பெரிதன்று. அந்நாளிலே அம்மண்டபத்தில் நின்ற ஐம்பது பெற்றோரும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு வீடு சென்றனர்: பிள்ளை செய்த கோணற்பெட்டி பரிசு பெறாது என்பதே அது. இதனை எண்ணியே மனம் வருந்துகின்றேன்.

இனி, காசு செலவின்றி வீட்டிலே பிள்ளைகளோடு இருந்து செய்யத்தக்க சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது பூவரசங் குழல். பூவரசு நம் வேலிகளிலே நிற்பது. மிக இளையதுமன்றி முற்றியதுமன்றி இருக்கும் இலை ஒன்றைக் கொய்து, காம்பைக் கிள்ளி, ஓர் ஓரத்திலிருந்து இறுகச் சுருட்டவேண்டும். ஒரு முனை ஒடுங்கியும் மற்றை முனை அகன்றும் வருதல் நன்று. ஒடுங்கிய முனையை விரலால் மெல்ல நசுக்கி உதட்டில் வைத்து ஊதினால் ஒலிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலில் ஒலிக்காது, சுருள் தளர்ந்திருக்கும். அப்போது இலையை வாங்கித் தாமே சுருட்டிக் கொடுத்தல் பெற்றோர்க்கு இயல்பு. அது வேண்டா. 'இறுக்கு' என்று சொல்லி இன்னோர் இலையைக் கொடுங்கள். பத்தாவது இலையிலே ஒலி பிறக்கும். அந்த ஒலியோடு கொய்தலும் கிள்ளுதலும் சுருட்டுதலும் நசுக்குதலும் ஊதுதலுமாகிய ஐந்து வினைகளும் அதன் நெஞ்சிலே பதியும். தளர்தலும் இறுகுதலும் தம்முள் எதிர் என்பதும் பதியும்.

இரண்டாவது ஓலைக் காற்றாடி. ஒரு சாண் நீளமும் இரு விரல் அகலமுமான பனையோலை நறுக்கு ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சிறிது முறுக்கி, நட்டநடுவிலே முள்ளினாற் குத்தி, அம்முள்ளை மரவள்ளித் தடியின் நெட்டியிலே செருகிவிட்டால் முடிந்தது. துளை இறுக்கமாயிருந்தாற் சுழலாது. இரு முனைகளையும் ஒரே பக்கமாக முறுக்கினாலுஞ் சுழலாது. ஏன் சுழலவில்லை என்று பிள்ளை கேட்கும். விடையைச் சொல்லிவிடாமல் இரு முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்றைத் தள்ளுவதும் காற்றினால் தள்ளப்படுவதும் பற்றிய பௌதிக பாடத்தின் முதல் வரி அவ்விடத்திலேதான் இருக்கின்றது. ஓலை கிடையாத இடத்திற் பழைய அழைப்பிதழ் மட்டை போதும்.

மூன்றாவது நுங்கு வண்டி. நுங்கு குடித்தபின் எறியுங் கோம்பைகளுள் அளவொத்த இரண்டைத் தெரிந்து, ஒரு முழத் தடியின் இரு முனைகளிலுஞ் செருகினால் அச்சுஞ் சில்லுமாயிற்று. நீண்ட கவட்டுத்தடி ஒன்றை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் ஓடும். இது நாட்டுப்புறத்தார் விளையாட்டு என்று இகழ்வார்க்கு ஒன்று சொல்வேன். தச்சன் செய்து கொடுத்த சிறுதேரிலே ஏறிச்செல்ல இயலாவிடினும் அதனைக் கையால் இழுத்து மகிழுஞ் சிறுவரைக் குறுந்தொகையிலே தும்பிசேர்கீரனார் உவமை கூறினார். குதிரை பூட்டாத முச்சில்லுச் சிறுதேரைக் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டியதைப் பட்டினப்பாலை பேசுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேருமாம். சிறுமியர் மணலிற் கட்டிய சிற்றிலைச் சிதைத்தலையும், பறை கொட்டுதலையும், தேர் உருட்டுதலையும் பருவங்களாக வைத்துப் பாடிய புலவர் குழந்தையின் கைத்தொழிலை அற்பமென்று கருதினாரில்லை. நுங்கு வண்டியை உருட்டிய பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவத்துக்கு உரை வேண்டா.

நான்காவது பின்னல். பழைய செய்தித்தாள் ஒன்றை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து விரலகலம் விரலகலமாகக் கீறி, எதிர் ஓரத்தை மாத்திரம் வெட்டாமல் விட்டு விரித்தாற் பாவு கிடைக்கும். வேறு தாளில் வெட்டிய கீலங்களை மேலொன்று கீழொன்றாக நுழைத்தால் ஊடை. அடுத்த வரியிலே கீழொன்று மேலொன்றாக மாற்றவேண்டும். நான்கு வயதிலே இம்மாற்றம் பிடிபடாது. ஐந்து வயதிலே பிடிபடும். பிடிபட்ட நாள் முதல் ஒற்றை இரட்டை என்னுங் கணக்கும் பிடிபடும். ஜேர்மனியிலே புரோபல் என்னும் ஆசிரியர் 1837 இல் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840 இல் அதற்குப் பிள்ளைத் தோட்டம் என்று பெயரிட்டார். அவர் வகுத்த தொழில்களுள் தாள் மடித்தலும் தாட்கீலம் பின்னுதலும் களிமண் பிசைதலும் இருந்தன. இன்று நம் பாலர் பாடசாலைகள் யாவும் அவர் வழியில் வந்தனவேயாம். நம் பாட்டிமார் திண்ணையிலிருந்து சார்வோலையிலே பிள்ளைக்குத் தடுக்கு இழைக்கப் பழக்கியதற்கு அவர் நூல் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டும் ஒரே உண்மையை இருவேறிடத்திற் கண்டன.

ஐந்தாவது களிமண். குளத்து மண்ணைக் கொணர்ந்து, கல்லைப் பொறுக்கி, நீர் தெளித்துப் பிசைந்து கொடுங்கள். பிள்ளை உருட்டும், தட்டும், குழிக்கும், நீட்டும், கிள்ளும், ஒட்டும். சட்டியும் அம்மியும் உரலும் பிறக்கும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் உலர்த்தவேண்டும். மண் கிடையாத பட்டினத்தார் வண்டு பிடித்துக் கழிக்கும் கோதுமை மா இரண்டு பங்குக்கு உப்பு ஒரு பங்கு சேர்த்து, நீர் விட்டுப் பிசைந்துகொள்ளலாம். சிறிது மஞ்சள் சேர்த்தால் நிறமும் ஆயிற்று. நல்ல மாவை இதற்கு எடுத்தல் வேண்டா; உணவை வீணாக்குதலையும் பிள்ளை அன்றே கற்றுக்கொள்ளும்.

மாரி காலத்திற்குக் கடதாசிக் கப்பல். மற்றைக் காலத்திற்குத் தீப்பெட்டித் தொலைபேசி. வெறுந் தீப்பெட்டி இரண்டைத் துளைத்து, பத்து முழ நூலைக் கோத்து, உள்ளே ஈர்க்குத் துண்டிலே முடிந்து, நூலை இழுத்துப் பிடித்துப் பேசினால் மறுபுறத்திற் கேட்கும். நூல் தொய்ந்தாற் கேளாது. இதனை விரித்துரைத்தல் மிகை.

சில எச்சரிக்கைகள். கத்தியும் அரிவாளும் பெரியோர் கையிலேயே இருத்தல் வேண்டும். தறித்தலும் பிளத்தலும் அவர் வேலை, வாருதல் முதலாயின பிள்ளை வேலை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் புளியங்கொட்டை முதலிய சிறு விதைகளைத் தனியே கொடுத்துவிட்டு அகலலாகாது. வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளும். குன்றிமணி அழகியதாயினுங் கொடிய நஞ்சு. பிள்ளையார் உருவுக்குக் கண் வைக்க அதனையெடுத்துப் பிள்ளையிடம் கொடாதீர்கள். அலரி இலையும் பூவும் நஞ்சு. அவற்றால் ஊதுகுழல் செய்ய விடாதீர்கள். போர் நடந்த நிலங்களிலே நிலத்திற் கிடக்கும் அறியாத உலோகப் பொருள் எதனையும் விளையாட்டுக்கென்று தொடலாகாது என்பதை முதற்பாடமாகச் சொல்லி வையுங்கள்.

பெற்றோர் கைக்கொள்ளவேண்டிய முறையும் நான்கே. தொடக்கி விடுங்கள், முடித்து விடாதீர்கள். செய்யும்போது அத்தொழிலின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்; 'இப்படிச் செய்' என்னாமல் 'முறுக்கு', 'செருகு', 'கோ' என்று சொல்லுங்கள். செய்து முடிந்தபின், வீட்டிலுள்ள மற்றொருவரிடம் போய் எப்படிச் செய்தது என்று சொல்லிவரச் சொல்லுங்கள். பேரனாரோ பேத்தியாரோ இருந்தால் மிக நன்று. செய்த பொருள் கோணலாயிருப்பினும் அன்றைக்கே குப்பையிலே போடாதீர்கள்.

இதற்கு நேரம் எங்கே என்பர் சிலர். தாயுந் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகள் இன்று பல என்பதை அறிவேன். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. இரவுச் சமையலுக்குக் கறி நறுக்கும் அரைமணி நேரத்திலே பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இடமுண்டு. தேங்காய்த் தும்பைத் திரித்துக் கயிறாக்க அரைமணி போதும். அந்த அரைமணியைத்தான் இப்போது கைத்தொலைபேசிக்குக் கொடுத்திருக்கின்றோம்.

வெள்ளவத்தை மாடி வீட்டிலே ஓலைக்கு எங்கே போவது என்பர் வேறு சிலர். விளக்குமாற்றிலே ஈர்க்கு உண்டு. சந்தையில் வாங்கிய வாழைப்பூவிலே மடல் உண்டு. செய்தித்தாளும் தீப்பெட்டியும் உண்டு. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடையினுள் கிடந்தபோது கடையிலே விளையாட்டுப் பொருளும் இல்லை, மின்கலமும் இல்லை. அக்காலத்துப் பிள்ளைகள் தேய்ந்த இறப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்கிப் பால்மாப் பேணியிலே பூட்டி வண்டி ஓட்டினர். அவ்வறுமையை நான் புகழவில்லை, மீண்டும் வரவேண்டா. பொருளின்மை தடையாகாது என்பதற்கு அதனைச் சான்று காட்டுகின்றேன்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே நுங்கு வண்டியைப் பற்றிக் கேட்பார்களா என்பது மூன்றாவது வினா. கேட்கமாட்டார்கள். ஆனால் கட்டுரை எழுதச் சொல்வார்கள். எழுதுவதற்குச் சொல் வேண்டும். சொல்லுக்குப் பொருள் வேண்டும். பென்சிலைப் பிடிக்கும் விரலுக்கும் வலிமை வேண்டும். அவ்வலிமை சுருட்டியுங் கிள்ளியும் வருவது. காந்தியடிகள் 1937 இல் வார்தாவிலே முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்திற் கைத்தொழிலும் தாய்மொழியும் ஒருங்கே நின்றன. ஏழாண்டுக் கல்வியைத் தாய்மொழியிலே, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து நடத்தவேண்டும் என்றார் அவர். இவ்விரண்டையும் இணைத்தது தற்செயலன்று என்பது என் துணிபு.

நான்காவது தடை ஒன்று உண்டு. அதனை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் ஏனைய மூன்றினும் அதுவே வலியது. 'படிக்கிற பிள்ளைக்கு உந்த வேலை ஏன்?' என்னும் எண்ணம் அது. ஓலை வாருதலும் மண் பிசைதலும் இன்னாருக்குரிய தொழில், நமக்குரியதன்று என்று நெடுங்காலம் இருந்துவிட்டோம். வனைந்தவரையும் முடைந்தவரையும் நெய்தவரையும் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் தொழிலின் பெயரை மாத்திரம் உள்ளே கொணர்ந்து இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டோம். 'வனைந்தான்' என்று நாம் உரை கூறும்போதெல்லாம் அக்குயவருக்குக் கடன்பட்டிருக்கின்றோம். அக்கடனை நாம் நினைத்ததுமில்லை. மொழியைக் காத்தவர் ஏட்டைக் காத்த நாங்கள் மட்டுமல்லேம். கடகத்துக்கு விளிம்பு பொத்திய மூதாட்டியும் காத்தாள். அவள் பேத்தியும் இன்று பொத்துதலை அறியாள். பனைகள் பல போர்க்காலத்திற் பதுங்குகுழிக்கெனத் தறிபட்டன. எஞ்சிய பனைகள் ஓலையோடு நிற்கின்றன. வாருங் கைகளே அருகிவிட்டன. தன் பிள்ளையின் கை மண்ணும் ஓலையும் படவேண்டும் என்று படித்தவர் விரும்புவாராயின், அத்தொழிலைச் செய்வோர்மேல் அப்பிள்ளைக்கு மதிப்பு உண்டாகும். சொல்லும் பிழைக்கும், பழைய செருக்குங் குறையும்.

பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். கைவேலைக் கண்காட்சிகளை நிறுத்த வேண்டா. மதிப்பிடும் முறையை மாற்றுங்கள். மேசைமேல் இருக்கும் பொருளுக்குப் பாதிப் புள்ளி கொடுங்கள். மற்றைப் பாதியை, பிள்ளை அதனை எவ்வாறு செய்தது என்று தன் வாயாற் சொல்வதற்குக் கொடுங்கள். பெற்றோர் செய்த மாளிகைகள் அடுத்த ஆண்டே குறைந்துவிடும். நடுவராக வருவோருக்கும் வேலை எளிதாகும். பிள்ளையின் முன் குனிந்து ஒரு வினா கேட்டால் அமையும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். இவ்விதழை வாசித்து முடித்தபின் இதிலுள்ள ஒரு தாளைக் கீலங் கீலமாக வெட்டிப் பிள்ளையின் முன்னே வையுங்கள். பின்னல் கோணினாலும் கைவையாமற் பக்கத்திலே இருங்கள்.